வசனத்தை எப்படிப் பற்றிக்கொள்வது? கொருக்குப்பேட்டைச் சகோதரிக்கு ஒரு பதில்

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய கணவர், வேலையின்போது வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து, மாதக்கணக்கில் வீட்டோடு இருக்கிறார். மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை, தண்டல்காரருக்கு அன்றாட வசூல் என்று வாசலில் யாராவது நின்றுகொண்டே இருக்கிறார்கள். புத்தாண்டு ஆராதனையில் இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்திருக்கிறது. அதைச் சுவரில் ஒட்டி நாள்தோறும் வாசித்தும் நிலைமை மாறவில்லை. சபையில் மூத்தவர் ஒருவர், விசுவாசம் இருந்தால் இந்நேரம் கால் கூடியிருக்குமே என்று சொல்லியிருக்கிறார். "வசனத்தைப் பற்றிக்கொள், வசனத்தைப் பற்றிக்கொள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஐயா. படித்தால் எழுத்துத்தான் தெரிகிறது. மனம் அசையவே மாட்டேன் என்கிறது. எப்படித்தான் பற்றிக்கொள்வது?" என்பது அவருடைய கேள்வி. கணவர் ஜெபத்துக்கே உட்காருவதில்லை, அவருக்கு என்ன வசனம் சொல்வது என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் விசுவாசத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கையில் கிடைத்த துண்டு மிகவும் சிறியது என்றுதான் தோன்றுகிறது. அந்த அட்டையில் உள்ள வசனம் உண்மையானது. ஆனால் அதை எழுதியவர் யாருக்கு, எந்த நிலையில், என்ன சொல்வதற்காக எழுதினார் என்பது அட்டையில் இல்லை. எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டுபோன மக்கள் பாபிலோனில் அகதிகளாக உட்கார்ந்திருந்தபோது, அவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்துவிடும் என்று அவன் ஆலயத்திலேயே எல்லாருக்கும் முன்பாக அறிவித்து, எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். கேட்பதற்கு இனிமையான செய்தி. கூட்டத்தில் எத்தனை பேர் "ஆமென்" சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா சொன்னார். அந்த வருஷத்திலேயே அனனியா இறந்துபோனான்.

இதற்கு அடுத்த அதிகாரத்தில் வருவதுதான் உங்கள் வசனம் இருக்கும் கடிதம். அதில் முதலில் வருவது ஆறுதல் அல்ல, வேலை. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு, பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு நான் உங்களைத் திரும்பப் பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். அதையடுத்துத்தான் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி வருகிறது. எழுபது வருஷம் என்றால், அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிவரப் போவதில்லை என்று பொருள். ஆகவே, அந்த வசனம் இந்த ஆண்டுக்குள் கஷ்டம் தீரும் என்று சொல்லவில்லை. சீக்கிரம் தீரும் என்று சொன்னவன் பொய் சொன்னான் என்பதைக் காட்டிவிட்டு, தீராத இடத்திலும் நான் உங்களை மறக்கவில்லை என்று சொல்கிறது. பத்தாவது வசனத்தை மறைத்துவிட்டுப் பதினோராவது வசனத்தை மட்டும் ஒருவருக்குக் கொடுத்தால், எரேமியாவின் வார்த்தையை அனனியாவின் குரலில் கொடுத்ததாகிவிடும்.

வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. டிசம்பர் 31 இரவு வண்ணாரப்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் ஆராதனை முடிந்து, புதுத்துணியோடு வரிசையில் நின்று அந்த அட்டையை எடுத்துப் பிரித்துப் பார்க்கும் நேரத்தின் மகிழ்ச்சி எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வசனம் நங்கூரம் என்றால், அது இருக்கும் அதிகாரமும் அந்த அதிகாரத்தின் கதையும் அதற்குக் கயிறு. கயிற்றை அறுத்துவிட்டு நங்கூரத்தை மட்டும் கடலில் போட்டால் அது அடியில் போய்ப் பத்திரமாகக் கிடக்கும், படகு பாட்டுக்கு அலையோடு போய்விடும் என்பதைக் காசிமேட்டில் ஒரு சின்னப் பையனும் சொல்வான். நீங்கள் வாசிக்கிறீர்கள், மனம் அசையவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் தேட மாட்டேன்.

எனவே என் முதல் ஆலோசனை, சில மாதங்களுக்கு வசனங்களை விட்டுவிட்டு அதிகாரங்களை வாசியுங்கள் என்பதுதான். அதிலும் முதலில் சங்கீதங்களை, நன்றி சொல்லும் சங்கீதங்களை அல்ல, அழுகிற சங்கீதங்களை வாசியுங்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை முறையீடுகள் என்பதை நம் சபைகளில் பலர் கவனிப்பதில்லை. பாடுவதற்கும் சுவரில் மாட்டுவதற்கும் 23, 91, 121 என்று சிலவற்றையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். 13-ஆம் சங்கீதத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான்; கர்த்தர் தன்னை மறந்துவிட்டார் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிறான். 69-ஆம் சங்கீதம் "ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை" என்று சொல்லி, கூப்பிட்டுக் கூப்பிட்டு இளைத்துத் தொண்டை வறண்டுபோயிற்று என்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை வடசென்னைத் தெருக்களில் நாள்கணக்கில் வடியாமல் நின்றபோது, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்து வலையும் படகும் சுவரும் கறுத்துப்போனபோது, இந்தச் சங்கீதத்தை எவரும் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கஷ்டத்தில் இருக்கும் மனிதன் கடவுளிடம் எப்படிப் பேசலாம் என்பதற்கு வேதமே கொடுத்திருக்கும் சொற்கள் இவை. உங்களுக்கு இப்போது தேவைப்படுவது தேவன் உங்களிடம் சொல்லும் வார்த்தை மட்டும் அல்ல. நீங்கள் அவரிடம் சொல்வதற்கான வார்த்தையும் தேவைப்படுகிறது. அதையும் இதே புத்தகம்தான் தருகிறது.

88-ஆம் சங்கீதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற முறையீடுகள் எங்கோ ஓரிடத்தில் திரும்பி, நம்பிக்கையான ஒரு வரியில் போய் நிற்கும். இது திரும்புவதே இல்லை. சிநேகிதரும் தோழரும் தூரமாய்ப் போனார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிந்துவிடுகிறது. அதில் வெளிச்சமாக இருப்பது ஒன்றே ஒன்று, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அது தொடங்கும் அழைப்பு. பதில் வராத ஜெபத்தையும் வேதாகமத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது. "ஸ்தோத்திரம், எல்லாம் நன்றாயிருக்கிறது" என்று சாட்சி சொல்ல முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில், சபையில் எழுந்து நின்று எதையும் சொல்லாமல் இந்தச் சங்கீதத்தை மட்டும் மனத்துக்குள் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவதும் ஆராதனைதான் என்பது என் கருத்து. சிலுவையில் இயேசு சொன்னதும் ஒரு முறையீட்டுச் சங்கீதத்தின் முதல் வரி. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதம். அந்த நேரத்தில் அவர் தாமாக ஒரு ஜெபத்தை உண்டாக்காமல், பழைய வேதத்தின் வார்த்தையை எடுத்துக்கொண்டு அழுதார்.

வாசிக்கும் முறையைக் கேட்டீர்கள். எடுத்துக்காட்டாக 42, 43 சங்கீதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகவே வாசிக்க வேண்டும், ஏனென்றால் ஒரே பல்லவி இரண்டிலும் ஓடுகிறது. "உன் தேவன் எங்கே" என்று நாள்தோறும் கேட்கிறார்கள், இரவும் பகலும் கண்ணீரே எனக்கு உணவாயிற்று என்று பாடுகிறவன் சொல்கிறான். தண்டல்காரர் கேட்டுவிட்டுப்போன பிறகு, பக்கத்து வீட்டார் பார்க்கும் பார்வையில் அதே கேள்வி இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவன் பழைய நாள்களை நினைக்கிறான், பண்டிகைக் கூட்டத்தோடு களிப்பும் துதியுமாக தேவாலயத்துக்குப் போன நாள்களை. அந்த நினைவு ஆறுதல் தராமல் இன்னும் வலிக்கவே செய்கிறது. அப்போது தன் மனத்தைப் பார்த்து, "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு" என்கிறான். உடனே மனம் தெளிந்துவிடுகிறதா? இல்லை. அடுத்த வரியிலேயே என் ஆத்துமா எனக்குள் கலங்குகிறது என்று மறுபடி தொடங்குகிறான். அலைகளும் திரைகளும் என்மேல் புரண்டுபோகின்றன என்கிறான். இரண்டாவது முறை அதே பல்லவி, அதற்குப் பிறகு மறுபடி முறையீடு, மூன்றாவது முறை அதே பல்லவி. மூன்று முறையும் ஓர் எழுத்துக்கூட நிலைமை மாறவில்லை. மாறாத நிலைமைக்குள் ஒருவன் தன் மனத்தோடு பேசப் பழகுகிறான். ஒருமுறை வாசித்து மனம் அசையவில்லை என்றால், அந்தச் சங்கீதம் எழுதியவருக்கும் முதல்முறை அசையவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதைக் கண்ணால் மட்டும் வாசிக்காதீர்கள், வாய்விட்டு வாசியுங்கள். ஒற்றை அறை வீட்டில் டிவி சத்தமும் குக்கர் சத்தமும் இருந்தாலும் பரவாயில்லை. முணுமுணுப்பாகவாவது உதடு அசைய வேண்டும். ஒரே சங்கீதத்தை ஒரு வாரம் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். புதிது புதிதாக ஓடுவதைவிட ஒன்றிலேயே நிற்பது இந்த நேரத்துக்கு நல்லது. வார முடிவில் இரண்டு வரிகளாவது மனப்பாடமாகியிருக்கும், அவை மருத்துவமனையில் ஓபி சீட்டோடு நிற்கும்போது தாமாக வந்து நிற்கும். வாசிக்கும்போது எதையாவது உணர வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடுங்கள். சாப்பாடு ருசிக்காத காய்ச்சல் நாளிலும் கஞ்சி உடம்பில் சேரத்தான் செய்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு மேல் இதை விளக்க எனக்குத் தெரியவில்லை. வாசிக்கவே முடியாத நாளில் உங்கள் மகளையோ மாமியாரையோ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது கைப்பேசியில் ஒலி வேதாகமத்தைப் போட்டுவிட்டு அரிசி களையுங்கள். முதல் நூற்றாண்டுச் சபைகளில் பெரும்பாலோர் வேதத்தைக் கேட்டவர்களே தவிர, கையில் புத்தகம் வைத்திருந்தவர்கள் அல்லர்.

நீங்கள் கையில் வைத்திருக்கும் தமிழ் வேதாகமத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு மனிதரைப் பற்றியும் இங்கே சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அவர் நம் பக்கத்து மனிதர். யோகான் பிலிப் பெப்ரீசியஸ் என்ற ஜெர்மானியர் 1740-இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் சென்னையில் தங்கித் தமிழ் கற்று வேதத்தை மொழிபெயர்த்தார். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, டச்சுக்காரர்கள் வசமிருந்த பழவேற்காட்டுக்கு அவர் போக வேண்டியதாயிற்று. பிறகு வேப்பேரிக்கு வந்தார். 1761-இல் பாண்டிச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிக் கொண்டுவந்த அச்சுப்பொறி வேப்பேரியில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1772-இல் அவருடைய புதிய ஏற்பாடு அச்சாயிற்று. இன்று நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் 1871-ஆம் ஆண்டின் ஐக்கியத் திருத்தம் அவருடைய மொழிபெயர்ப்பை அடித்தளமாகக் கொண்டதுதான். அப்படிப்பட்டவர் முதுமையில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791-இல் இறந்தார். கடன்காரன் வாசலில் நிற்பது விசுவாசக் குறைவின் அடையாளம் என்றால், நமக்குத் தமிழில் வேதத்தைத் தந்தவரையே அந்தப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியிருக்கும்.

இங்கே உங்கள் சபை மூத்தவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார்; ஆனால் சொன்னது வேதத்துக்கு விரோதமானது, இதை நான் மென்று விழுங்காமல் சொல்கிறேன். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று பவுல் எழுதினார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்தேன் என்று எழுதியவரும் அவரே; எத்தனையோ பேரைக் குணமாக்கியவர், தன் உடன் ஊழியரைப் படுக்கையில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னார். யோபுவின் நண்பர்கள் பல அதிகாரங்களாக நீண்டு சென்ற விவாதத்தில், நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய் என்றே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அவர்கள் பேச்சில் தனித்தனியாக எடுத்தால் நல்ல வசனம் போலிருக்கும் வரிகள் நிறைய உண்டு. ஆனால் கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அந்த நண்பர்கள்மேல்தான். கத்தி அழுது கேள்வி கேட்ட யோபு நிதானமாய்ப் பேசினான் என்றுதான் அவர் சொன்னார். வசனம் தெரிந்திருப்பதும் வசனத்தைச் சரியாகப் பயன்படுத்துவதும் வேறு வேறு. இயேசுவைச் சோதிக்கும்போது 91-ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொன்னவன் பிசாசு என்பதை மத்தேயு நான்காம் அதிகாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"தாங்க முடியாத பாரத்தைத் தேவன் தரமாட்டார்" என்றும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். 1 கொரிந்தியர் 10:13-ஐ நினைத்துச் சொல்வது இது. அந்த அதிகாரம் விக்கிரகாராதனையையும் இச்சையையும் பற்றிய எச்சரிக்கை. பாவத்துக்கு இழுக்கும் சோதனையிலிருந்து தப்பிக்கொள்ளும் போக்கு உண்டு என்பது அதன் பொருள். துன்பத்தின் பாரத்தைப் பற்றி அதே பவுல் அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே, எங்கள் பலத்திற்கு மிஞ்சின பாரமான வருத்தம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார். தாங்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னால், அப்போஸ்தலன் சொன்னதையே சொல்கிறீர்கள்.

கடனைப் பற்றி வேதம் மௌனமாக இல்லை, இதைச் சபைகளில் போதுமான அளவு பேசுவதும் இல்லை. நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தில், வயலையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமையாக விட வேண்டிய நிலைக்கு வந்த மக்களும் அவர்களுடைய மனைவிகளும் கூக்குரலிடுகிறார்கள். ஜெபம் பண்ணுங்கள், பொறுமையாக இருங்கள் என்று நெகேமியா சொல்லி அனுப்பிவிடவில்லை. அவருக்கு மிகவும் கோபம் மூண்டது. பெரிய மனிதர்களைக் கூட்டி நிறுத்தி, வாங்கிய வட்டியையும் நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். 2 இராஜாக்கள் நான்கில் கடன் கொடுத்தவன் இரண்டு மகன்களையும் கொண்டுபோக வந்து நின்றபோது, எலிசா அந்த விதவையிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு, எண்ணெயை விற்றுக் கடனைத் தீர் என்று கணக்குச் சொன்னார். தன்னை நியாயமில்லாமல் எதிரிகளிடம் ஒப்புக்கொடுக்கப் பார்த்தபோது, பவுல் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று தன் சட்ட உரிமையை எடுத்துவைத்தார். ஆகவே வேதத்தின்மேல் சார்ந்திருப்பதும் சட்டத்தைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நினைக்காதீர்கள். உங்கள் கணவர் வேலையின்போது விழுந்தவர். அவருக்கு இஎஸ்ஐ இருந்தால் அதன் வழியாகவும், இல்லையென்றால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட விதிகளின்படி தொழிலாளர் துறையிலும் இழப்பீடு கேட்க வழி உண்டு. அந்த விதிகளின்படி பொதுவாக விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மிரட்டி வாங்கும் அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று இரவு நெகேமியா ஐந்தை வாசியுங்கள். அந்த அதிகாரம் அப்போது வேறு மாதிரி கேட்கும்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். எலியா ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, தூதன் அவருக்கு ஒரு வசனமும் சொல்லவில்லை. தூங்கவிட்டான், தட்டியெழுப்பினான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், இரண்டாவது தடவையும் சாப்பிடச் சொன்னான். போக வேண்டிய தூரம் அதிகம் என்பதுதான் அவன் சொன்ன காரணம். கர்த்தர் பேசியது அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பின்பு. பல வாரங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கோ கணவருக்கோ வருகிறது என்றால், அதை ஜெபத்தால் மட்டும் தீர்க்க முயலாதீர்கள். 104 அல்லது 14416 என்ற எண்ணில் இரவானாலும் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உங்கள் வீட்டிலிருந்து தொலைவும் இல்லை. மருந்து சாப்பிடும் விசுவாசியை இழிவாகப் பேசுகிறவர்கள், தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய வரியைத் தங்கள் வேதாகமத்திலிருந்து கிழித்துவிட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, நீங்கள் இதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13 ஆட்டோவின் பின்னாலும் பள்ளிப் பையிலும் இருக்கிறது. அதற்கு அடுத்த வசனத்தை நான் எங்கும் ஒட்டிப் பார்த்ததில்லை. "ஆனாலும், நீங்கள் என்னுடைய உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்பது அது. கிறிஸ்து தந்த பெலனைப் பற்றிச் சொன்ன கையோடு, பிலிப்பி சபையார் அனுப்பிய பண உதவிக்கு நன்றி எழுதுகிறார் பவுல். ஆகவே உங்கள் சபை ஐயரிடமோ, பெண்கள் ஐக்கியத்தில் நீங்கள் நம்பும் ஒருவரிடமோ, "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், இவ்வளவு கடன், இவ்வளவு தவணை, இந்த நாளில் மருத்துவமனை என்று விவரமாகச் சொல்லுங்கள். ஜெபக் குறிப்பு விவரமாக இருந்தால்தான் உதவியும் விவரமாக வரும். சிலர் விலகிப்போவார்கள். போகட்டும், அரிசியோடு வருகிற ஒருவரோ, மருத்துவமனைக்கு உடன் வருகிற ஒருவரோ கிடைத்தால் போதும்.

இனி உங்கள் கணவர். அவரிடம் இப்போதைக்கு வசனம் எதுவும் சொல்லாதீர்கள் என்பதுதான் என் பதில். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. பேசத் தொடங்கியதிலிருந்துதான் கெட்டது. சம்பாதித்துக் குடும்பத்தை நடத்திய ஆண், வாசலில் தண்டல்காரருக்குத் தன் மனைவி பதில் சொல்வதை உள்ளே படுத்துக்கொண்டு கேட்கும் நிலைமையில் இருக்கிறார். அவர் ஜெபத்துக்கு உட்காராததில் கோபம் இருக்கலாம், வெட்கம் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். நீங்கள் உங்கள் சங்கீதத்தை அவர் காதில் விழும்படி வாசித்துக்கொண்டிருங்கள், அவருக்காக என்று சொல்லாதீர்கள், முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். என்றாவது அவராக, இதெல்லாம் வேதத்தில் இருக்கிறதா என்று கேட்டால், யோபு மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக் கையில் கொடுங்கள். பிறந்த நாளையே சபிக்கிற அதிகாரம் அது. முதலில் அதை அவர் வாசிக்கட்டும். கர்த்தர் யோபுவோடு பேசத் தொடங்கும் 38-ஆம் அதிகாரத்துக்கு அவர் வந்துசேர எத்தனை மாதம் ஆனாலும் நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம்.